மாங்கேணிக்குப் போன புரொசசர்

தம்பி கட்டாருக்குப் போன பிறகு எங்களுக்குள் பேசுவதற்கு அதிகம் இருக்கவில்லை. அம்மாவின் பிரஷர் குளிசை, அங்கே வெயில், இங்கே மழை. இவற்றைச் சொல்லி முடித்ததும் அவன் "சரி கா, வைக்கிறன்" என்பான். அந்த நிலையை மாற்றியது, கணினியின் மூளையான புரொசசர்களில் வரப்போகும் புதியவற்றின் விலை பற்றிய வதந்திகள்தான்.

நான் வீட்டிலிருந்து வேலை செய்கிறவள். பொறியியலாளர்கள் அனுப்பும் வீட்டுத் திட்டங்களை வைத்து, அந்த வீடு கட்டி முடிந்ததும் எப்படி இருக்கும் என்று கணினியில் படமாக்கிக் கொடுப்பேன். சுவரின் நிறம், ஜன்னலின் நிழல், வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் வரை அதில் இருக்கும். கோடு கீறி வரைவது என் கையில் உள்ள வேலை. கீறியதை ஒளியும் நிழலுமாகப் படமாக்கித் தருவது கணினியின் வேலை. என் கணினி பழையது. ஒரு படத்தைக் கொடுத்துவிட்டுச் சமைத்து, சாப்பிட்டு, உடுப்புத் தோய்த்துக் காயப்போட்டு வந்தாலும் பாதியில்தான் நிற்கும். நடுவில் மின்சாரம் போனால் மறுபடி முதலில் இருந்து.

தம்பிக்குத் தோஹாவில் மின்சாதனக் களஞ்சியம் ஒன்றில் வேலை. புரொசசர் விஷயங்களில் சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பைத்தியம். அந்த வருடம் இரண்டு பெரிய கம்பனிகளும் ஒரே காலத்தில் புதிய புரொசசர்களை வெளிவிடப்போவதாகப் பேச்சு அடிபட்டது. ஒரு கம்பனி நெடுங்காலம் சந்தையைக் கையில் வைத்திருந்து, வைத்த விலைக்கு விற்றது. மற்றது, ஒரு காலத்தில் மூடப்போகிறார்கள் என்று சொல்லப்பட்ட கம்பனி. பிறகு எழும்பி வந்து முதலாவதின் பங்கைப் பறித்தது. எங்கோ ஒரு கடைக்காரன் அவசரப்பட்டு இணையத்தில் போட்டுவிட்டு அழித்த விலை, யாரோ களவாக எடுத்த கணினித் திரையின் படம், பெயர் தெரியாத ஒருவரின் ஒற்றை வரி. எல்லாவற்றையும் தம்பி எனக்கு அனுப்புவான்.

"இந்த முறை போன வருசத்து விலையிலும் பார்க்கக் குறைவாம் கா," என்பான்.

"கதைதானே. வந்தாப் பார்ப்பம்."

"இல்ல கா, குறைக்கத்தான் வேணும். இவங்க குறைச்சா அவங்களும் குறைப்பாங்க. நல்லா அடிபடட்டும். நமக்கு லாபம்."

'நமக்கு' என்று அவன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கலிபோர்னியாவிலோ தாய்வானிலோ யாரோ எடுக்கும் முடிவில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பங்கு இருப்பதுபோல இருந்தது. குசினியில் மீன் வெட்டிக்கொண்டே போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவனோடு வாதாடுவேன். அம்மா எட்டிப்பார்த்து, "என்னடி ரெண்டு பேரும் வயல் வட்டை பங்கு பிரிக்கிறீங்களா?" என்று கேட்பார். நாங்கள் அப்படிச் சிரித்துப் பேசிய காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அப்படி ஒரு நாள்தான் அவன் சொன்னான். "விலை சரியா வந்தா உனக்கு ஒண்டு வாங்கித் தாறன். லீவுக்கு வரக்குள்ள கொண்டு வாறன். கொழும்பில வாங்காத, அங்க ரெண்டு மடங்கு சொல்லுவானுகள்."

"காசு அனுப்புறன்," என்றேன்.

"அக்காட்ட காசு வாங்கியா நான் சாமான் கொண்டு வரணும்? பேசாம இரு."

அவனுடைய பெருந்தன்மையை நினைத்து அன்று எனக்குக் கண் கலங்கியது. காசை அவன் வாங்கியிருந்தால் பிறகு கேட்க எனக்கு ஒரு வாய் இருந்திருக்கும்.

அந்த நாட்களில் ஏறாவூரில் அலுவலகம் வைத்திருந்த பொறியியலாளர் ஒருவர் எனக்கு ஒழுங்காக வேலை தருவார். அவருக்குப் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் வேலை கிடைத்தது. முதலாளிமாருக்குக் காட்ட, ஹோட்டலுக்குள் நடந்து போவதுபோல ஒரு வீடியோ வேண்டும் என்றார். என் கணினியால் அது முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

"தங்கச்சி, உங்களுக்கு ஏலுமா? ஏலாட்டிச் சொல்லுங்க, நான் கொழும்பில குடுக்கிறன்," என்றார்.

"புது மெசின் வருது, சேர். தம்பி கொண்டு வாறார். கொஞ்சம் பொறுங்க."

அவர் பொறுத்தார். எனக்காக முதலாளிமாரிடமும் தவணை கேட்டார்.

புதிய புரொசசர் பழைய மதர்போர்ட்டில் பொருந்தாது. அதைப் பொருத்தும் சொக்கட்டையே கம்பனி மாற்றிவிட்டது. அதனால் புதிய மதர்போர்ட்டையும் மெமரியையும் நான் முன்கூட்டியே கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் உலகத்து மெமரியையெல்லாம் அள்ளுகிறார்கள், விலை இன்னும் ஏறும் என்று தம்பிதான் அவசரப்படுத்தினான். என் சேமிப்பு அதோடு முடிந்தது. போர்ட் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்து, இடைக்கிடை திறந்து பார்ப்பேன்.

விலை வெளிவந்தபோது வதந்தி சொன்னது சரியாகவே இருந்தது. போன வருடத்தை விடக் குறைவு. சில நாட்களில் எதிர்க் கம்பனியும் தன்னுடையதைக் குறைத்தது. தம்பி அன்றே கடைக்குப் போனான். உள்ளங்கையில் பெட்டியை வைத்துப் படம் எடுத்து அனுப்பி, 'உன்ட சாமான்' என்று எழுதியிருந்தான்.

அதற்குள் அவனுக்கு மாங்கேணியில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணுக்குத் தகப்பன் இல்லை. அவளுடைய அண்ணன்தான் எல்லாம். அரசாங்க உத்தியோகம், பேச்சு நிதானம். தம்பி லீவில் வந்து இறங்கிய மறுநாளே அம்மாவும் அவனும் அங்கே போனார்கள். வேலை இருந்ததால் நான் போகவில்லை. திரும்பி வந்து அவன் பெரிய பெட்டியைத் திறந்தான். சவர்க்காரம், பால்மா, சொக்லட், அம்மாவுக்குச் சாறி, எனக்கு ஒரு கைப்பை. எல்லாம் வெளியே வந்தன. பெட்டி வெறுமையானது.

"சாமான் எங்க?" என்றேன்.

அவன் துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். அம்மாதான் சொன்னார்.

"அத பொம்புளையின்ட அண்ணனுக்குக் குடுத்திட்டான் புள்ள. கையோட கொண்டு போனவன், அவர் பார்த்திட்டு ஆசைப்பட்டுக் கேட்டார். எப்பிடி இல்லையெண்டு சொல்லுற? சம்பந்தம் செய்யப் போற இடம்."

மாங்கேணிக்கு அதை ஏன் கொண்டு போனான் என்று நான் கேட்க, அம்மா சாறியை மடித்து உள்ளே கொண்டுபோனார். குளித்துவிட்டு வந்து தம்பி, "அவர் கேம் விளையாடுறவர் கா. நான் அடுத்த முறை உனக்குக் கொண்டு வாறன்," என்றான். அவனுடைய முகத்தைப் பார்த்தேன். ஆசைப்பட்டுக் கேட்கவேண்டும் என்றே அவன் கொண்டுபோயிருக்கிறான் என்று எனக்கு விளங்கிவிட்டது. தங்கச் சங்கிலி காட்டுவதுபோலக் காட்டியிருக்கிறான்.

நான் சத்தம் போடவில்லை. என்ன சொல்லிப் போடுவது? அது அவன் காசு.

அடுத்த ஞாயிறு எங்களை அங்கே சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். போகும் வழியில், பஸ் வாழைச்சேனையைத் தாண்டிய பிறகு, தம்பி மெதுவாகச் சொன்னான். "அத அவர்ட கம்பியூட்டரில ஒருக்காப் பூட்டிக் குடு கா. அவருக்குத் தெரியாதாம். நீதான் அந்த வேலையில கெட்டிக்காரி எண்டு சொல்லி வச்சிருக்கன்."

"அவர்ட போர்ட் பழசா?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். பழையது என்று அவனுக்குத் தெரியும். கொடுக்கும்போதே தெரியும்.

மாங்கேணி வீட்டில் நல்ல மரியாதை. இறாலும் நண்டும் சமைத்திருந்தார்கள். சாப்பிட்ட பிறகு பெண்ணின் அண்ணன் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கணினியைக் காட்டினார். பக்கத்தில் அந்தப் பெட்டி, ஒட்டுக் கிழிக்கப்பட்டு இருந்தது. கணினியின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். சொக்கட் வேறு.

"இதில பொருந்தாது, அண்ணன். இதுக்குப் புது போர்ட் வேணும். மெமரியும் வேற," என்றேன்.

அவர் முகம் வாடியது. "அப்ப சும்மா வச்சிருக்கவேண்டியதுதானா?"

அப்போது தம்பி வாய் திறந்தான். நான் அதை எதிர்பார்க்கவில்லை. "அக்காட்ட அந்த போர்ட் இரிக்கி. புதுசு. மெமரியும் இரிக்கி. சும்மாதான் கிடக்கு. என்ன கா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா முந்தானையைத் திருத்திக்கொண்டு, "அதுக்கென்ன, குடுப்பாள்," என்றார். பெண் கதவடியில் நின்றுகொண்டிருந்தாள். வருகிறவளின் முகத்துக்காகவாவது நான் சிரித்திருக்கலாம் என்று பிறகு பலரும் சொன்னார்கள்.

"குடுக்க ஏலாது," என்றேன். "அது என்ட உழைப்பு. இந்தப் புரொசசர் எனக்கெண்டு வாங்கினது. அத நம்பித்தான் அந்த போர்ட்ட எடுத்தன், ஒரு வேலையையும் ஒத்துக்கொண்டன். இதத் தாங்க, கொண்டு போறன். இல்லாட்டி ரெண்டும் சும்மா கிடக்கட்டும்."

பெண்ணின் அண்ணன் பெட்டியை எடுத்து என் பக்கம் நீட்டினார். "எனக்கு இது தெரியாது, தங்கச்சி. கொண்டு போங்க," என்றார்.

நான் கை நீட்டுமுன் தம்பி குறுக்கே வந்து அதை வாங்கி அவருடைய மேசையிலேயே திரும்ப வைத்தான். "குடுத்தது குடுத்ததுதான் மச்சான். அவக்கு விசர், பைத்தியம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா எனக்குப் பின் இருக்கையில் இருந்தார். தம்பி முன்னுக்கு நின்றபடியே வந்தான்.

பொறியியலாளரிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நான் அவங்களுக்கு என்ன சொல்லுற?" என்று மட்டும் கேட்டார். ஹோட்டல் வேலை கொழும்புக்குப் போனது. அதற்குப் பிறகு எனக்குச் சின்ன வீடுகள், மதில்கள், கடை முகப்புகள்தான் வந்தன. போர்ட்டையும் மெமரியையும் விற்று, சந்தையை இழந்துகொண்டிருந்த முதல் கம்பனியின் பழைய வகைப் புரொசசர் பூட்டிய பாவித்த கணினி ஒன்றை எடுத்தேன். மெமரி விலை ஏறியிருந்ததால் அதிகம் நட்டப்படவில்லை. மாங்கேணிக்காரர் புரொசசரைப் பிறகு யாருக்கோ விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

கலியாணத்துக்குப் போனேன். தாலி கட்டும்போது கூறை உடுத்த மணமகளுக்கு அருகே நாத்தனாராக நின்றேன். படங்களில் நான் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தம்பி மறுபடி கட்டாருக்குப் போனான். அம்மாவின் போனுக்கு எடுப்பான். நான் பக்கத்தில் இருந்தால் அம்மா போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்ப் பேசுவார்.

போன மாதம் பொறியியலாளர் ஒரு வீட்டுத் திட்டம் அனுப்பினார். மாங்கேணியில், கடலுக்குக் கொஞ்சம் தள்ளி. வீட்டுக்காரர் வெளிநாட்டில், மனைவியின் காணியில் கட்டுகிறார், முகப்புப் படம் வேண்டும் என்றார். பெயரைப் பார்த்தேன். அவன் என் தம்பி என்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. வழமையான கூலியைச் சொல்லி, படத்தைச் செய்து கொடுத்தேன். ஜன்னலைப் பெரிதாக்கச் சொல்லி வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார் என்று பொறியியலாளர் திரும்பவும் அனுப்பினார். பெரிதாக்கினேன்.

அம்மா பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார்.

"ஆர்ட வீடு புள்ள? வடிவாக் கிடக்கு."

"மாங்கேணியில ஆரோ," என்றேன்.