சொல்லிக்கொண்டு போனவன்

என் வீட்டுக்காரரின் சாவை மேடையில் வைத்துப் பிழைக்கிறவனை நேரில் பார்க்கத்தான் பீளமேட்டுக்குப் போனேன். மகள் படிக்கும் கல்லூரியில் அவன் பேச்சு. பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். தலைப்பு, ‘துக்கத்தைக் கடப்பது எப்படி’. கடக்கச் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டான் பெரிய மனுஷன்!

என் வீட்டுக்காரரோடு பம்ப் கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வீட்டுக் கறிக்குழம்பில்தான் அவன் கை இருக்கும். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்கவில்லை. செத்த பிறகும் வரவில்லை, ஒரு போன் கூட இல்லை. அப்புறம் வேலையை விட்டுவிட்டுப் பேச்சாளர் ஆகிவிட்டான்.

அவனுடைய வீடியோவை முதலில் பார்த்தது மகள்தான். அதில் அவன் சொன்னபடி, கடைசி நேரத்தில் என் வீட்டுக்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, மகளின் பேரைச் சொல்லி, அவளை நன்றாகப் படிக்க வையுங்கள் என்றாராம். அவள் அதை நம்பிவிட்டாள். அப்பா கடைசியாக நினைத்தது என்னைத்தான் என்று தோழிகளிடமெல்லாம் சொன்னாள். வாயில் குழாய் செருகிக் கிடந்த மனுஷன் எங்கே பேசினார்? அதை அவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. இவனை நாலு பேர் முன்னால் நாறடிக்க வேண்டும் என்று மட்டும் கறுவிக்கொண்டிருந்தேன்.

மேடையில் அதே கதையைச் சொன்னான். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தான். கைதட்டல் கேட்ட தெம்பில் புதிதாக ஒன்றைச் சேர்த்தான். அவர் செத்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டில் வெகுநேரம் உட்கார்ந்து என்னைத் தேற்றினானாம். ‘போயிட்டு வாரேனுங்க அண்ணி’ என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினானாம்.

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. எழவு வீட்டில் எவன் சொல்லிக்கொண்டு கிளம்புவான்? வந்தவர்கள் சத்தமில்லாமல் எழுந்து போவார்கள். வாரேன் என்று சொன்னால் அந்த வீட்டில் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும். துக்கத்துக்குப் பாடம் எடுக்கிறவனுக்கு இது தெரியவில்லை.

கேள்வி கேட்கலாம் என்றதும் மைக்கை வாங்கினேன். மனசுக்குள் அவன் இவன்தான், வாயில் ‘ங்க’ தானாக வந்தது.

“ஏனுங்க, எங்கூட்டுக்காரரு செத்த ஊட்டுல போயிட்டு வாரேன்னு சொல்லிப்போட்டா கிளம்புனீங்க?”

பின்வரிசையில் பெற்றோர்கள் சலசலத்தார்கள். அவனுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. ஆனாலும் மசியவில்லை. துக்கத்தில் ஞாபகம் குழம்பும், அது இயல்பு என்று மாணவர்களைப் பார்த்து எனக்கே பாடம் எடுத்தான்.

“எனக்கு ஒண்ணும் குழம்பலீங்க. நீங்க ஆஸ்பத்திரிக்கும் வரல, ஊட்டுக்கும் வரல. அவரு உங்க கையப் பிடிக்கவும் இல்ல, பேசவும் இல்ல.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது மண்டபம் முழுக்கப் பரவியது. அவன் தண்ணீர் குடித்தான், ஏதோ உளறினான், பக்கத்துக் கதவு வழியாக நழுவினான். எனக்கு வயிறு குளிர்ந்தது.

உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த மகள் என் பக்கம் திரும்பவில்லை.

“அப்ப அப்பா என்னப் பத்தி ஒண்ணுமே சொல்லலையாம்மா?”

“இல்ல கண்ணு. அவரால பேச முடியல.”

அவள் தலையாட்டினாள், அவ்வளவுதான். அவன் கொடுத்த பொய்யைப் பிடுங்கியாகிவிட்டது. பதிலுக்கு அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு சொல் கூட இல்லை. அந்தப் பாவி அப்போது அங்கே நின்றிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன்.