வரிசையின் கடைசியில் என் மனைவி

என் மனைவி யோகேஸ்வரியைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் குளுவாங் ஊரிலேயே கிடையாது. முப்பத்தொரு வருடம் அவளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அதில் இருபத்தைந்து வருடம் அவளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அவளுக்கு வயது ஐம்பத்தாறு. ஒரு தனியார் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் அவளை வீட்டில் பார்க்க முடியாது. காலையில் போய் மாலையில் திரும்பும் நடைக்குழு ஒன்றில் இருக்கிறாள். மொத்தம் பதினான்கு பேர். ஆறு வருடத்துக்கு முன்பு லம்பாக் மலையில் தொடங்கினார்கள். இப்போது ஒரு வாரம் மெர்சிங் பக்கம் கடலோரப் பாறை, இன்னொரு வாரம் கோத்தா திங்கி காடு என்று ஜோகூர் மாநிலத்தையே காலால் அளந்துகொண்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் முன்னால் நடப்பவன் ரூபேந்திரன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் இஞ்சினியர், முப்பது வயது. எல்லாருக்கும் கடைசியில் நடப்பவள் என் மனைவி.

கடைசி என்றதும், நடக்க முடியாமல் பின்தங்குகிறாள் என்றுதான் நானும் நினைத்துச் சிரித்தேன். அது ஒரு பொறுப்பு என்று பிறகுதான் தெரிந்தது. குழுவில் யார் மெதுவாக வருகிறாரோ அவருக்குப் பின்னால் அவள் நடக்க வேண்டும். அவளுக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது. அதற்கு அடையாளமாக அவள் கழுத்தில் ஒரு விசில், அதாவது ஊதல், தொங்கும். நின்று இளைப்பாறும் இடங்களில் எல்லாம் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவரவர் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். ஆறு வருடத்தில் ஒரு ஆளைக்கூட அவள் விட்டுவிட்டு வந்ததில்லை. அவளுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். அதைக் கெடுத்தவன் நான்.

அந்த வேலை அவளுக்கு எப்படிப் பொருந்தியது என்றால், அவள் சாஆ என்ற ஊர்ப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அப்பா முன்னால் குலை வெட்டிக்கொண்டு போவார். இவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பின்னாலேயே போய், சிதறிக் கிடக்கும் உதிரிப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் போடுவாள். ஒரு பழம் கிடந்தாலும் வேலையை மேற்பார்க்கும் தண்டல் திட்டுவார். தரையைப் பார்த்தே நடக்கும் பழக்கம் அப்போது வந்தது. கல்யாணமான புதிதில் என் சட்டைப் பித்தான் பாசார்ச் சந்தையில் எங்கே விழுந்தது என்று இவள்தான் தேடி எடுத்தாள். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நான் செம்பனை ஆலையில் லோரிகளை அனுப்பும் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது டிரைவர்கள் என் வாய்க்குப் பயந்தார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்ததும் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை, ஏறியது. "நடங்க" என்றார் டாக்டர். சரி, நானும் குழுவில் சேர்ந்தேன். எல்லாரும் கம்பம் அடிடாஸ் என்று சொல்கிற கறுப்பு ரப்பர் காலணியைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஐந்து வெள்ளிக்குப் பக்கத்தில் விற்கும் அதை நான் போடுவேனா? ஜோகூர் பாருவில் முந்நூறு வெள்ளிக்கு ஒரு ஜோடி வாங்கினேன், அடிப்பக்கம் முழுக்கப் பல் பல்லாக இருக்கும்.

முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. யோகேஸ்வரி பெயர் கூப்பிட்டாள். "ரூபேந்திரன். சுகுமாறன் அண்ணே. அழகம்மை டீச்சர்." இப்படியே பதின்மூன்று பெயர். என்னிடம் வந்ததும் நின்றாள். அவள் என் பெயரைச் சொன்னதே இல்லை. கிளினிக்கில் எனக்கு மருந்து எடுக்கும்போதுகூட அட்டையைத்தான் நீட்டுவாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்புறம் இவரு" என்றாள்.

குழுவே சிரித்தது. "ஆன்ட்டி, இவருன்னா யாரு? பேரு சொல்லணும் லா, ரூல்ஸ் நீங்க போட்டதுதானே" என்றான் ரூபேந்திரன்.

"அவரு எங்க தம்பி போயிடப் போறாரு" என்றாள் அவள்.

எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் அது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. "அப்புறம் இவரு" என்று அவள் சொன்னால், நான் வாய் திறக்குமுன் சுகுமாறன் "இருக்காரு லா" என்பார். டாக்ஸி ஓட்டுகிறவர், எதற்கும் முந்திக்கொள்வார். நானும் பதில் சொல்வதை விட்டுவிட்டேன்.

பெலுமுட் மலைக்குப் போன ஞாயிறு, காப்பிக் கடையில் இருக்கும் அத்தனை பேரிடமும் உச்சிக்கு ஏறிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். குழுவில் ஒரு சட்டம் உண்டு. மணி ஒன்று அடித்தால் எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும். பிற்பகலில் மழை பிடிக்கும், இருட்டுவதற்குள் கீழே இறங்க வேண்டும். மற்றவர்கள் உச்சியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து எங்கள் எதிரே சேர்ந்துவிட்டார்கள். நானும் அழகம்மை டீச்சரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தோம், எங்களுக்குப் பின்னால் யோகேஸ்வரி.

"ஏங்க, மணி ஒண்ணு. திரும்பலாம்" என்றாள்.

"இன்னும் அரை மணி நேரந்தான் இருக்கு."

"தெரியும். திரும்புங்க."

"நான் யாருன்னு நெனச்சே?"

"நீங்க யாரா இருந்தாலும் ஒண்ணுதான். மழை எல்லாருக்கும் பேயும்."

பதின்மூன்று பேர் முன்னால் சொன்னாள். எனக்கு முகம் சுருங்கிப்போனது. கோபத்தோடு இறங்கினேன். கால் மணி நேரம் இறங்கியதும் டீச்சருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. யோகேஸ்வரி குனிந்து கட்டுப் போட்டாள். நான் ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் போனேன். ஒன்றுக்குப் போவதாக நினைத்திருப்பார்கள். நான் அப்படியே மேலே ஏறினேன். அறுபத்திரண்டு வயது, திருட்டுப் பையன் மாதிரி.

நான் இல்லாத அந்த இடத்தில் நடந்ததைப் பிறகு டீச்சர் சொன்னார். கட்டுப் போட்டு முடித்ததும் என் மனைவி பெயர் கூப்பிட்டிருக்கிறாள். கடைசியில் "அப்புறம் இவரு" என்றிருக்கிறாள். சுகுமாறன் வழக்கம்போல "இருக்காரு லா, கோவமா முன்னாடி போயிட்டாரு" என்றாராம். அவர் பொய் சொல்லவில்லை, நான் அப்படித்தான் போயிருப்பேன் என்று நம்பினார். என் மனைவியும் நம்பினாள். எல்லாரும் இறங்கத் தொடங்கினார்கள்.

நான் உச்சியை அடைந்தேன். சும்மா சொல்லக் கூடாது, அடைந்தேன். ஆனால் மேகம் மூடி ஒன்றும் தெரியவில்லை. ஒரு படம் எடுத்தேன், அதில் என் மூக்கு மட்டும் இருக்கிறது. திரும்பும்போது மழை கொட்டியது. முந்நூறு வெள்ளிக் காலணி வேரில் வழுக்கிக் கணுக்கால் பிசகியது. நொண்டிக்கொண்டே இறங்கினேன். ஓரிடத்தில் வழி இரண்டாகப் பிரிந்தது. ஏறும்போது அதைப் பார்த்த நினைவே இல்லை. இடப்பக்கம் போனேன். கொஞ்ச தூரத்தில் பிரம்பு முள் சட்டையைப் பிடித்துக்கொண்டது, வழியும் காணாமல் போனது. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. உட்கார்ந்துவிட்டேன். பயந்தேன். அதை இப்போது சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கீழே, அரைவழியில் ஒரு ஓடை இருக்கிறது. அதைத் தாண்டும் சேற்றில்தான் என் மனைவி நின்றுவிட்டாளாம். பதின்மூன்று பேரும் ரப்பர் காலணி. நான் முன்னால் இறங்கிப் போயிருந்தால் என் காலணி கீழ்நோக்கிப் பல் பல்லாகத் தடம் பதித்திருக்க வேண்டுமே. சேற்றில் அது இல்லை. ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். பிறகு ரூபேந்திரனைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டாள்.

எனக்கு முதலில் ஊதல் சத்தம் கேட்டது. மழையில் அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. பிறகு அது நின்றது.

"கனகராஜ்."

பெண் குரல். யாரோ காட்டு இலாகா ஆள் என்று நினைத்தேன். மறுபடியும் வந்தது, இன்னும் பலமாக, மூச்சிரைக்க. அப்போதுதான் அந்தக் குரல் யாருடையது என்று உறைத்தது. என் அம்மா கூப்பிட்டிருக்கிறார், மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார், போலீஸ்காரர்கூடக் கூப்பிட்டிருக்கிறார். இந்தக் குரலில் என் பெயரை நான் கேட்டதே இல்லை. முட்டாள்தனம்தான், உண்மையைச் சொல்கிறேன்: நான் உடனே பதில் கொடுக்கவில்லை. இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது.

மூன்றாவது தடவை அவள் குரல் உடைந்துவிட்டது. பெயரில் பாதிதான் வந்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது. "இங்க இருக்கேன்" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

முள்ளை விலக்கிக்கொண்டு வந்தாள். தலை முதல் கால் வரை சேறு. என் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தாள், தன் துண்டால் இறுக்கிக் கட்டினாள். "கேக்கலையா உங்களுக்கு?" என்றாள்.

"மழைச் சத்தம்" என்று பொய் சொன்னேன்.

"ஆறு வருஷத்துல இன்னிக்குத்தான் ஒரு ஆள விட்டுட்டுப் போயிருக்கேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரூபேந்திரன் தோள் கொடுத்தான். ஆறரை மணிக்குக் கீழே வந்து சேர்ந்தோம். வேனுக்குப் பக்கத்தில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். சுகுமாறன் அழும் நிலையில் இருந்தார். யோகேஸ்வரி கழுத்திலிருந்து ஊதலைக் கழற்றி ரூபேந்திரனிடம் நீட்டினாள். "தப்பு என்னோடது தம்பி. பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். வேற யாராச்சும் கடைசில நடக்கட்டும்."

அவன் கை நீளவில்லை. நான் முப்பது டிரைவர்களிடம் ஒரு நாளும் தப்பு என்னுடையது என்று சொன்னதில்லை. நொண்டிக்கொண்டு முன்னால் வந்தேன்.

"அவ திரும்பச் சொன்னா. நான்தான் திருட்டுத்தனமா ஏறினேன்" என்றேன். "அவ கூப்பிட்டது மூணு தடவையும் எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் சும்மா இருந்தேன். இவள நிறுத்துனா நாளைக்கு உங்கள யாரு தேடி வருவா?"

யோகேஸ்வரி சட்டென்று என் பக்கம் திரும்பினாள். மழைச் சத்தம் என்று நான் சொன்னது பொய் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு நீட்டிய ஊதலை மறுபடியும் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "குழுவ விட்டுப் போன ஆளுக்கு மூணு மாசம் இடமில்ல. கனகராஜ், நீங்க அடுத்த மூணு மாசம் வர வேண்டாம்."

"சரி" என்றேன்.