எட்டாவது குரோமோசோம்

மகள் வெள்ளெலி வேண்டுமென்று அடம்பிடித்ததால் ஓசூரில் ஒரு செல்லப்பிராணிக் கடைக்குள் நுழைந்தேன். கூண்டின் மூத்திர நெடி மூக்கில் ஏறியதும் எனக்கு வயது இருபத்துமூன்று ஆகிவிட்டது. எலி வாங்கவில்லை. மகள் இன்னும் என்னோடு பேசவில்லை, அது வேறு கதை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் சிப்காட் பக்கம் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தேன். மகன் விஞ்ஞானி என்று தூத்துக்குடியில் அம்மா பெருமையடித்துக்கொண்டிருந்தாள். நானோ எலிகளுக்குக் கல்யாணத் தரகன். நரம்பு செல்லுக்கு வேண்டிய ஒரு புரதத்தின் ஜீன் எங்கே இருக்கிறது என்று தேடினோம். மனிதனுக்கு எட்டாவது குரோமோசோமில், எலிக்கு முதலாவதில். கெட்ட ஜீன் ஒன்றை மட்டும் சுமக்கிற எலி நன்றாகவே ஓடும். அப்படி இரண்டைச் சேர்த்துவைத்தால் சில குட்டிகள் வளர வளரப் பின்னங்காலை இழுக்கும். அன்றைக்குக் கூடத்தை நடத்திய டாக்டர் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கித் தருவார்.

மனிதர்களில் எங்களுக்கு வாய்த்தது அஞ்செட்டிப் பக்கத்து ரத்தினம்மாவின் குடும்பம். தலைமுறை தலைமுறையாக அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுகிறவர்கள். மூத்த மகன் கால் சூம்பித் தவழ்வான். எல்லோருடைய ரத்தமும் எங்கள் ஃப்ரீசரில் இருந்தது.

ஒருநாள் ரத்தினம்மா பத்திரிகையோடு வந்தாள். மகள் மஞ்சுளாவுக்கும் தன் தம்பிக்கும் கல்யாணம். இருவருமே கெட்ட ஜீனைச் சுமப்பவர்கள் என்று எங்களுக்குத் தெரியும். டாக்டர் பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சொல்ல வேண்டாமா சார்?"

"ரூல்ஸ் இல்லப்பா. இன்னொரு தலைமுறை கெடச்சா ஜீன் மேப் இன்னும் நல்லா வரும்."

பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போய் ரத்தினம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். அவள் அதிரவில்லை.

"தெரியாதா தம்பி? ஒருத்தன் தவழ்ற ஊட்டுல வெளிய எவன் பொண்ணெடுப்பான்? எந்தம்பி கட்றேன்னதே பெருசு."

டாக்டர் கல்யாணத்துக்கு மிக்ஸி கொடுத்தார். குழந்தை பிறந்ததும் ஜீப் அனுப்பினார். மருந்து வரும் என்று சொல்லி ரத்தம் எடுத்துவந்தார்கள்.

பிறகு கூடத்தை மூடினார்கள். இப்போது அங்கே டயர் கிடங்கு. மூடிச் சில வருஷம் கழித்து அஞ்செட்டி பஸ்ஸில் மஞ்சுளாவைப் பார்த்தேன். இடுப்பில் பையன். அவன் கால்கள் துணிபோலத் தொங்கின.

"லேபுக்குப் போனேன் சார், காணமே? இவன் ரத்தத்தப் பாத்து மருந்து தர்றேன்னாங்களே."

மூடிவிட்டார்கள் என்றேன்.

"அப்ப இவன் ரத்தம்?"

கடைசி நாளில், கொன்ற எலிகளோடு ஒரே பையில் போட்டு எரித்திருந்தோம்.