அரிசி இழுக்கும் அணாக் காசு

போன ஞாயிற்றுக்கிழமை காலை. மேசை முழுக்கக் காசைப் பரப்பி வைத்து, லென்ஸும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. குமாரபாளையத்திலிருந்து தங்கை சரசு.

“அண்ணா, உடனே கிளம்பி வாங்க.”

“என்னாச்சு?”

“தறியை விக்கறாருங்ண்ணா. நாலையும். ஆள் வந்து பாத்து வெலை பேசிட்டுப் போயாச்சு. ஏதோ கம்பெனிக் காசாமா... அரிசியை இழுக்குமாமா. நாஞ் சொன்னா அவரு காதுல வாங்கறதில்லை. நீங்கதான் காசு பாக்கறவரு, வந்து பாத்துச் சொல்லுங்க.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

அரிசி இழுக்கும் காசு! உங்களில் பாதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி போட்ட செம்புக் காசாம். அதில் இடி விழுந்து சக்தி ஏறிவிட்டதாம். பக்கத்தில் அரிசியைத் தூவினால் எறும்பு மாதிரி ஊர்ந்து போய் ஒட்டிக்கொள்ளுமாம். வெளிநாட்டு ராக்கெட் கம்பெனிக்காரன் கோடி கோடியாகக் கொட்டி வாங்குவானாம்.

ராக்கெட் விடுகிறவனுக்கு அரிசி எதற்கு? ஒருத்தராவது கேட்டீர்களா?

கேட்க மாட்டீர்கள். உங்களை எனக்குத் தெரியும். பழைய காசைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுதினால் போதும். அடுத்த வாரம் முழுக்க வருவது ஒரே கேள்விதான் — ‘சார், எங்கிட்ட ஒண்ணு இருக்கு, எவ்வளவு போகும்?’

காசில் என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. எவ்வளவோ இருக்கிறது. ஏழாம் எட்வர்டு ரூபாயில் ராஜா தலையில் கிரீடமே இருக்காது. ஐந்தாம் ஜார்ஜின் 1911-ம் வருடத்து ரூபாயில், ராஜா போட்டிருக்கும் சங்கிலியில் ஒரு குட்டி யானை. செதுக்கினவன் துதிக்கையைக் குட்டையாக்கிவிட்டான், பார்க்கிறவர்களுக்குப் பன்றி மாதிரி தெரிந்தது. பெரிய கலாட்டாவாகி, அடுத்த வருடம் யானையைத் திருத்திச் செதுக்கினார்கள். அந்தப் பன்றி ரூபாய் ஒன்று என்னிடம் இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். இருபது வருடமாக நான் காசு சேர்ப்பது இந்தச் சிரிப்புக்காகத்தான்.

அதை விடுங்கள். நாமக்கல்லில் பஸ் ஏறி, திருச்செங்கோட்டில் மாறி, குமாரபாளையம் போய்ச் சேர்ந்தேன். பையில் லென்ஸ், குட்டித் தராசு, காந்தம். காசு பார்க்கிறவனுக்கு இந்த மூன்றும்தான் ஆயுதம்.

சரசு இருக்கும் தெருவுக்குள் நுழைந்தால் பேசுவது காதில் விழாது. வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். அவள் வீட்டில் மட்டும் சத்தம் இல்லை. நாலு தறியும் ஏற்றிய பாவு நூலோடு அப்படியே நின்றுகொண்டிருந்தன. இருபத்திரண்டு வருடமாகப் புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறி நின்று ஓட்டுகிற தறிகள். சோறு அதில்தான். மகள் காலேஜுக்குப் போவதும் அதில்தான்.

மாப்பிள்ளை தங்கவேல் கூடத்தில் குளித்து, விபூதி பூசி, மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள். புரோக்கர். எந்த ஊர் என்று கேட்டேன். மேச்சேரி என்றான். அரை மணி நேரம் கழித்து மறுபடி கேட்டேன். வெண்ணந்தூர் என்றான்.

“வாங்க மச்சான், நல்ல நேரத்துக்குத்தான் வந்தீங்க” என்றார் தங்கவேல். “காசுக்கு நாளைக்கு அட்வான்ஸ் குடுக்கோணும். ராக்கெட் கம்பெனிக்காரன் குடுக்கறதுல ஒரு பங்கு நமக்கு.”

புரோக்கர் சிவப்பு வெல்வெட் ஒட்டிய பலகையை எடுத்து நடுக்கூடத்தில் வைத்தான். பலகை நடுவில் காசு பதித்திருந்தது. துணிப்பையிலிருந்து ஒரு தட்டு நிறைய அரிசியைக் கொட்டினான். நான்கு மணியை எடுத்துக் காசுக்குப் பக்கத்தில் வைத்தான்.

அரிசி நகர்ந்தது. சட்டென்று போய் ஒட்டிக்கொண்டது.

தங்கவேல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் லென்ஸை எடுத்தேன். நடுவில் ராமர் பட்டாபிஷேகம். சுற்றிலும் ‘ஒரு அணா, கிழக்கிந்தியக் கம்பெனி, 1616’ என்று இங்கிலீஷில்.

“மாப்ளே, 1616-ல கம்பெனிக்காரனுக்கு மெட்ராஸ்ல நிக்க ஒரு கொட்டாய்கூடக் கெடையாது. அவன் எங்க போய் அணாக் காசு அடிச்சான்? கோயில் வாசல்ல விக்கிற பொம்மைக் காசு இது.”

“அப்புறம் ராமரை ஏனுங்க போட்டான்?”

“கம்பெனிக்காரன் போடலை. பித்தளைப் பட்டறைக்காரன் போட்டான்.”

“கம்பெனிக்காரன் சாமி படமே போட்டதில்லைங்களா?”

இங்கேதான் நான் மடத்தனம் செய்தேன். தெரிந்ததை மறைத்துப் பேச எனக்கு வராது.

“போட்டிருக்கான். மெட்ராஸ்ல அடிச்ச தங்க வராகன்ல பெருமாள் உண்டு. ஆனா அது தங்கம், இத்தனூண்டு இருக்கும், காலமும் வேற...”

“பாத்தீங்களா!” தங்கவேல் துள்ளி எழுந்தார். “சாமி போட்டான்னு இவரே சொல்றாரு!”

புரோக்கர் எனக்குக் கும்பிடு போட்டான். “சாமிக்கு விவரம் தெரிஞ்சிருக்குது.”

படித்தவன் பேச்சு எடுபடாமல் போவது இப்படித்தான். நாம் ‘ஆனால்’ போட்டுப் பேசுகிறோம். திருடன் ‘ஆனால்’ போடுவதே இல்லை.

சரி என்று என் காந்தத்தை எடுத்தேன். வெள்ளிக் காசில் காந்தம் ஒட்டாது, நாற்பத்தேழாம் வருடத்துப் புலி ரூபாயில் ஒட்டும் — அது நிக்கல். அப்படிப் பார்ப்பதற்காக வைத்திருக்கும் காந்தம். அதைத் தட்டுக்கு மேலே காட்டினேன். அரிசி கொத்தாக எழுந்து வந்து ஒட்டிக்கொண்டது.

“பாரு மாப்ளே. அரிசியில இரும்புத்தூள் பூசியிருக்கான். பலகைக்குள்ள காந்தம் இருக்குது. இது என்ன, இடி விழுந்த காந்தமா?”

தங்கவேல் என் காந்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

“மச்சான்... கடையில வாங்குன காந்தத்துக்கே இவ்வளவு பவர்னா, அந்தக் காசுக்கு எவ்வளவு பவர் இருக்கோணும்!”

எனக்கு அழுகை வந்துவிட்டது. நிஜமாக. கோபத்தில்.

“பவர் பக்கத்துல இருந்தா இரும்புக்கும் ஏறுமுங்க” என்றான் புரோக்கர், நிதானமாக.

“அப்ப ஊட்டு அரிசியை வெச்சுக் காட்டு” என்று கத்தினேன்.

“அது ஆகாதுங்க. இது ஏழு கோயில்ல வெச்சுப் பூஜை பண்ணுன அரிசி. ஊட்டு அரிசியில தீட்டு இருக்கும்.”

தங்கவேல் என் பக்கம் திரும்பினார். முகம் மாறியிருந்தது. “மச்சான், தப்பா நெனைக்காதீங்க. நீங்க இருபது வருஷமாக் காசு பொறுக்கறீங்க. உங்களுக்கு இப்படி ஒண்ணு மாட்டலைன்னு ஒரு இது...”

பொறாமையாம் எனக்கு. பேசாமல் எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. போயிருப்பேன். செருப்பைக்கூடத் தேடினேன்.

அதுவரை சமையலறை வாசலில் நின்றிருந்த சரசு, உள்ளே வந்து தட்டை எடுத்தாள். தரையில் சிந்தியதையும் ஒன்று விடாமல் பொறுக்கினாள். துணிப்பையில் மிச்சம் இருந்த அரிசியையும் கொட்டிக்கொண்டாள்.

“அம்மா, அதை ஏனுங்க...” என்றான் புரோக்கர்.

“ஏழு கோயில் பூஜை அரிசிங்களே. தரையில கெடக்கலாமா? பாவமில்லீங்களா?” என்றாள். “மத்தியானம் ஆச்சு. சாப்பிடாமப் போகக் கூடாது.”

உள்ளே போய்விட்டாள். குக்கர் விசில் அடித்தது. ஒன்று... இரண்டு... மூன்று. புரோக்கர் ராக்கெட்டைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் ஒவ்வொரு விசிலுக்கும் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

மூன்று இலை போட்டாள். எங்கள் பக்கத்தில் வந்தவரைச் சாப்பிட வைக்காமல் அனுப்பினால் அந்த வீட்டுக்கே கெட்ட பேர். சாப்பிடாமல் எழுந்து போனால் போகிறவனுக்குக் கெட்ட பேர். புரோக்கர் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தான். பொரியல் வைத்தாள். அப்பளம் வைத்தாள். அப்புறம் அந்தச் சோற்றைக் கொண்டுவந்து அவன் இலை நடுவில் வைத்தாள்.

கருஞ்சாம்பல் நிறம். துருப்பிடித்த தகரத்தின் வாடை.

“மொதல்ல பிரசாதம் சாப்பிடுங்க” என்றாள்.

“நான்... இன்னைக்கு விரதமுங்க.”

“காலையில எங்கூட்டுல எட்டு இட்லி சாப்பிட்டீங்களே?”

சரசு இரண்டாவது கரண்டியை எடுத்தாள். புருஷன் இலையில் வைத்தாள்.

“அப்ப நீங்க சாப்பிடுங்க. இவரை நம்பித்தானுங்க தறியைக் குடுக்கறோம். அந்தச் சாமியை நம்பி ஒரு வாய் சாப்பிட மாட்டீங்களா?”

தங்கவேல் இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ரோஷக்காரர். ஒரு பெரிய கவளமாக உருட்டினார். கையெல்லாம் கறுப்பு. வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

“வேண்டாமுங்க!”

கத்தியது நானில்லை. சரசுவும் இல்லை. புரோக்கர்.

கையை நீட்டி, தங்கவேலின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். “பசை போட்டிருக்குதுங்க... வவுத்துக்கு ஆகாது...” பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தங்கவேல் மெதுவாகக் கவளத்தை இலையில் வைத்தார்.

புரோக்கர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். அது அடிக்கவே இல்லை. “ஹலோ... ஆமாங்க... இதோ வாரேன்” என்று பேசிக்கொண்டே எழுந்து வெளியே போனான். போனவன் போனவன்தான். பலகை, காசு, துணிப்பை எல்லாம் அப்படியே கிடந்தது.

துரத்திப் பிடித்து நாலு அறை விட்டிருக்க வேண்டும். நான் எழுந்து வாசலுக்குப் போவதற்குள் தெருமுனை தாண்டிவிட்டான். இன்னும் எனக்குக் கை அரிக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். நாலு தறியை விழுங்க வந்தவனுக்கு, ஒருத்தன் இரும்புத்தூளை விழுங்குவதைப் பார்க்க மனசு வரவில்லை. குடும்பத்தையே நாசமாக்கலாம், வயிறு மட்டும் கெட்டுப்போகக் கூடாது! இது என்ன மாதிரி மனசாட்சி? எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கினால் எழுதுங்கள்.

என் லென்ஸ், தராசு, காந்தம், இருபது வருடப் படிப்பு — ஒன்றுக்கும் மாப்பிள்ளை அசையவில்லை. ஏழு கோயில் என்று புரோக்கர் சொன்ன பொய்யை வாங்கி, அதிலேயே மூன்று விசில் விட்டுப் பரிமாறினாள் என் தங்கை. ‘அது எப்படித் தோணுச்சு?’ என்று கேட்டேன். “நீங்க காந்தம் காட்டுனப்பவே சந்தேகமுங்க. அரிசியைக் களைஞ்சேன், தண்ணி கருப்பா வந்துது. அப்பவே தெரிஞ்சுபோச்சுங்ண்ணா. சொன்னா நம்புவாரா? அதான் வேக வெச்சேன்” என்றாள்.

வேறு அரிசி வடித்துச் சாப்பிட்டோம். தங்கவேல் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டு முடித்தார், கையைக் கழுவினார், தறி வாங்க இருந்த ஆளுக்குப் போன் செய்தார். “இல்லீங்க... குடுக்கறதா இல்லை” என்றார். அப்புறம் நேராக உள்ளே போய்ச் சுவிட்சைப் போட்டார். நாலும் ஓட ஆரம்பித்தன.

சாயந்திரம் பஸ் ஏற்றிவிட வந்தார். பலகையிலிருந்து பெயர்த்த அந்தக் காசை ஒரு காகிதத்தில் மடித்து என் கையில் வைத்தார்.

“நீங்க வெச்சுக்குங்க மச்சான். உங்க ஆல்பத்துல போடுங்க.”

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் கீழே நின்றபடி கம்பியைப் பிடித்தார். ஏதோ கேட்க நினைக்கிறார், வெட்கமாக இருக்கிறது என்று முகத்தில் தெரிந்தது. பஸ் நகரும்போது கேட்டேவிட்டார்.

“மச்சான், சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்... இந்தப் பொம்மைக் காசு, எவ்வளவு போகுமுங்க?”

“மத்தியானம் வரைக்கும் நாலு தறி” என்றேன்.