விளக்கேற்றும்போது அடித்த மணி

ஆதிகாலத்துக் கம்பியில்லாத் தந்தியை எங்கள் வீட்டு பேஸ்மென்டில் நான் செய்யத் தொடங்கியபோது மனைவி ஒரு நிபந்தனை போட்டார். பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில், வயர் இல்லாமல் மணி அடித்துக் காட்ட வேண்டும். தவறினால் என் மேசை இருக்கும் இடத்துக்கு அவருடைய தையல் மெஷின் வந்துவிடும்.

"உதுக்குள்ளை எங்கையோ வயரை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்."

இருபது வருடம் என்னோடு வாழ்ந்தவர். சந்தேகப்பட அவருக்கு உரிமை உண்டு.

கருவி சின்னதுதான். ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே உலோகத் தூள். பக்கத்தில் எங்காவது மின்பொறி பறந்தால் தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் ஓடும், மணி அடிக்கும். பென்சிலால் குழாயைத் தட்டினால்தான் நிற்கும். அந்தக் காலத்தில் இதை மேடையில் பார்த்த சனமும் மேசைக்கடியில் குனிந்து வயர் தேடியிருக்கும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஒன்றுகூடல் நடந்த, கனடாவின் மார்க்கம் நகர மண்டப மேடையில் இடம் போதவில்லை. கருவியைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். சுவிட்சை அணைக்க மறந்த நான் பின்வரிசையில் வடை தின்றுகொண்டிருந்தேன். மங்கள விளக்கேற்றும் நேரம் வந்தது; லைற்றரைக் காணவில்லை. மனைவி கைப்பையிலிருந்து அடுப்பு மூட்டும் தன் குசினி லைற்றரை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனார். முதல் திரியை அவரையே ஏற்றச் சொன்னார்கள். டிக் என்று அழுத்தினார்; லைற்றர் நுனியில் மின்பொறி பறந்தது.

மணி அடித்தது. நிற்கவே இல்லை. சங்கத் தலைவர் பூசை மணியென்று நினைத்துக் கைகூப்ப, சபை முழுதும் எழும்பி நின்றது. நான் வடையோடு ஓடிப்போய்ப் பென்சிலால் தட்டினேன்.

"நான் ஒண்டும் செய்யேல்லை" என்றேன் மனைவியிடம்.

"தெரியும். இது என்ரை லைற்றர்."

லைற்றரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டடி பின்னே போய் அழுத்தினார். மணி அடித்தது. தட்டினேன். மேடையின் ஓரத்துக்கே போய் அழுத்தினார். மறுபடியும் அடித்தது. சபை சிரித்துக் கைதட்டியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இஞ்சேருங்கோ, வயரே இல்லை!" என்றார், எனக்கே புதிதாகச் சொல்வதுபோல.

தையல் மெஷின் இன்னும் மேல்மாடியில்தான் இருக்கிறது. விருந்தாளிகள் வந்தால் மனைவிதான் அவர்களை பேஸ்மென்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் மணி அடித்துக் காட்டுகிறார். நான் பக்கத்தில் பென்சிலோடு நிற்கிறேன்.