கட்டைகளில் படித்த கணக்கு

கல்வராயன் மலையில் ஒரு சின்ன அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் நான்தான் டீச்சர். வீடு சின்னசேலத்தில். கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, கச்சிராயபாளையம் தாண்டி மலையேறினால்தான் மணியடிக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். இரண்டு வகுப்புக்கும் ஒரே அறை. அதன் மூலையில் ஒரு மரப்பெட்டி. விரல் நுனி அளவுக் கட்டைகள், பத்துக் கட்டை சேர்ந்த நீளத்தில் குச்சிகள், மணி கோத்து எண்ணுகிற ஆணிமணிச் சட்டம், மரத்தட்டுத் தராசு எல்லாம் அதற்குள் கிடக்கும். நான் கணக்கு சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் அந்தப் பெட்டியை வைத்துத்தான்.

பிள்ளைகளுக்கு அது விளையாட்டுச் சாமான். இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். நூறு வரை பாட்டு மாதிரி ஒப்பிக்கிற குழந்தையிடம் "அஞ்சு கட்டை எடுத்துக் குடு" என்றால் கை கொள்ளாமல் அள்ளிக் கொடுக்கும். ஏழு என்று சொல்லத் தெரியும், ஏழு எவ்வளவு என்று தெரியாது. தொட்டு, அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கும்போதுதான் எண் அதற்குச் சொந்தமாகும்.

ஒரு வருஷம் ஒன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை வந்து சேர்ந்தது. வந்த புதிதில் வாயே திறக்கவில்லை. என்ன கேட்டாலும் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு நிற்பாள். ஆனால் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டால் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் ஒரு பத்துக் குச்சியைத் தரையில் போட்டு, அதன் பக்கத்தில் சின்னக் கட்டைகளை ஒட்டி ஒட்டி வைத்துக்கொண்டே போனாள். கடைசிக் கட்டை குச்சியின் முனைக்குச் சரியாக வந்து நின்றதும் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"டீச்சர், இதுவும் அதுவும் ஒரே நீட்டு!"

அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. ஏழு கட்டையை மூன்றும் நான்குமாகப் பிரிப்பாள், இரண்டும் ஐந்துமாகப் பிரிப்பாள், தராசில் வைத்துச் சமமாக நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். ஒன்றிலிருந்து பத்து வரை படிக்கட்டு மாதிரி அடுக்கிவிட்டு, "பத்துக்கு அப்பால படி எங்க போவுது டீச்சர்?" என்று கேட்டாள். "நீயே கட்டிப் பாரேன்" என்றேன். கட்டை தீர்ந்துவிட்டது. பிள்ளைகள் வெளியே ஓடி, மரத்தடியில் கிடந்த கடுக்காய்களைப் பொறுக்கி வந்தார்கள். படிக்கட்டு வகுப்பின் வாசல் வரைக்கும் போனது. மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் அதைத் தாண்டித்தான் போனோம். அவள் மட்டும் நின்று, யாராவது மிதித்துவிடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அம்மா ஒருநாள் வகுப்பு நடக்கும்போது வந்தாள். மரவள்ளிக் காட்டில் வேலையாக இருந்து அப்படியே வந்திருப்பாள் போல, கையெல்லாம் மண். வாசலில் நின்று சற்று நேரம் பார்த்தாள்.

"இன்னா டீச்சர், எப்ப வந்தாலும் புள்ளைங்க வெளையாடிகினே இருக்குதுங்க?"

"வெளையாட்டு இல்லம்மா. கணக்குதான் படிக்கிறாங்க."

"அவ நோட்டு வெள்ளையாவே இருக்குது. எங்க அக்கா நைனார்பாளையத்துல இருக்கா. அவ தெருவுல இதே வயசுப் புள்ள நூறு வரைக்கும் எழுதுது."

எழுதுவது பின்னால் தானாக வரும் என்று சொன்னேன். சரிங்க டீச்சர் என்று தலையாட்டினாள். ஆனால் அவள் முகத்தில் நம்பிக்கை இல்லை.

முழுப்பரீட்சை லீவு நெருங்கும்போது செய்தி வந்தது. குழந்தையை நைனார்பாளையத்தில் பெரியம்மா வீட்டில் விட்டு, வேன் வந்து கூட்டிப்போகிற ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்க்கப் போகிறார்களாம். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு துணிப்பையில் கொஞ்சம் கட்டைகளைப் போட்டுக்கொண்டு, பள்ளி விட்டதும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்பா வாசலில் மிளகு உலர்த்திக்கொண்டிருந்தார். பாய் விரித்தார்கள், டீ போட்டுக் கொடுத்தார்கள். நான் குழந்தையைக் கூப்பிட்டுப் பையைக் கவிழ்த்தேன்.

"அப்பாவுக்கு ஏழு எப்படியெல்லாம் வரும்னு காட்டு கண்ணு."

குழந்தை அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கெஞ்சினேன். ஒரு வழியாக வந்து உட்கார்ந்தவள் கட்டைகளைக் கையால் கலைத்துவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடி ஓடிப்போய் ஒளிந்துகொண்டாள். அவ்வளவுதான். வகுப்பில் தினமும் செய்கிறாள் என்று நான் சொன்னது எனக்கே பொய் மாதிரிக் கேட்டது.

அப்பா மிளகைக் கிளறினார். அம்மாதான் பேசினாள். கோபமாகப் பேசவில்லை, எனக்குப் புரியவைக்கப் பார்த்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது. நோட்டு ரொம்பியிருந்தா புள்ள படிக்குதுன்னு தெரிஞ்சிக்குவேன். இந்தக் கட்டையில நான் இன்னாத்த பாக்கறது?"

கட்டைகளைப் பொறுக்கிப் பையில் போட்டேன். குழந்தையும் வெளியே வந்து கூடச் சேர்ந்து பொறுக்கியது. பத்துப் பத்தாகத்தான் எடுத்துப் போட்டது. அதற்குள் அப்பா மிளகை அள்ளிக்கொண்டும் அம்மா டீ டம்ளரை எடுத்துக்கொண்டும் உள்ளே போய்விட்டார்கள்; அதைப் பார்க்க இரண்டு பேருமே அங்கே இல்லை. பஸ் ஏறியபின் வழியெல்லாம் அதுதான் கண்ணில் நின்றது.

அடுத்த பொங்கலுக்கு முந்தி, சின்னசேலம் கடைவீதியில் அவளைப் பார்த்தேன். பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரெட்டைப் பின்னல், ரிப்பன், பாலிஷ் போட்ட ஷூ. என்னைப் பார்த்ததும் கண் மலர்ந்தது.

"டீச்சருக்கு டேபிள்ஸ் சொல்லிக் காட்டுடி" என்றாள் பெரியம்மா பெருமையாக.

எங்கள் ஊர் ஸ்டேஷனில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் மாதிரி, இரண்டாம் வாய்ப்பாட்டை இங்கிலீஷில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். தட்டிக்கொடுத்தேன். கையில் வேர்க்கடலைப் பொட்டலம் இருந்தது. இரண்டிரண்டாக மூன்று தடவை அவள் உள்ளங்கையில் வைத்து, "மொத்தம் எத்தன கண்ணு?" என்று கேட்டேன். அவள் கையைப் பார்க்கவில்லை, பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அது எங்க மிஸ் இன்னும் நடத்தல."

கடலையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு நடந்தேன். வாங்க வந்த சாமானை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவள் மூன்றாம் வகுப்புக்குப் போன வருஷம், அம்மா சின்ன மகளைச் சேர்க்க எங்கள் பள்ளிக்கே வந்தாள். சேர்த்து முடித்தும் போகாமல் நின்றாள்.

"பெரியவ கணக்குன்னாலே அழுவுறா டீச்சர். காலையில வேன் சத்தம் கேட்டா வயித்த வலிக்குதுன்றா. அக்கா அடிச்சி அனுப்புது."

"லீவுக்கு வரும்போது கூட்டினு வாங்க" என்றேன். அவளிடம் பேசும்போது என் வாயிலும் அவள் பேச்சே வந்துவிடும்.

காலாண்டு லீவு முடிய ஒருநாள் இருக்கும்போதே நான் மலைக்குப் போய் அறையைத் திறந்து வைத்தேன். இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு அம்மா வந்தாள். பெட்டியைத் தரையில் கொட்டினேன். சின்னவள் பாய்ந்து வந்து உட்கார்ந்தாள். பெரியவள் பெஞ்சை விட்டு இறங்கவில்லை.

"அது சின்னப் பசங்க வெளையாடறது டீச்சர். சிலேட்டு குடுங்க."

கொடுத்தேன். பதினேழையும் எட்டையும் கூட்ட, தானே மேலும் கீழுமாக எழுதினாள். கோடு போட்டாள். விடையை எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள், என் முகத்தைப் பார்த்தாள், நான் சிரிக்கவில்லை என்று நினைத்தோ என்னவோ அதையும் அழித்தாள். கடைசியில் சிலேட்டில் வெறும் கோடு மட்டும் இருந்தது. அவள் முதலில் எழுதியது சரியான விடைதான். நான் வாயைத் திறப்பதற்குள் அழித்துவிட்டாள்.

"முதல்ல எழுதுனது சரிதான் கண்ணு."

"உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்கதான் திருத்தவே இல்லையே?" என்றாள். துடுக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

இதற்குள் அம்மா சின்னவளோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். தராசின் ஒரு தட்டில் குச்சியை வைத்தாள். இன்னொன்றில் கட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். தட்டுகள் சமமானதும் கையை எடுத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்த அன்னிக்கே என்னை ஒக்காரவெச்சி காட்டியிருக்கலாமே டீச்சர்" என்றாள்.

அவள் என்மேல் குறை சொல்லவில்லை. தன்னைத்தானே நொந்துகொள்கிற குரல் அது. அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போனேன், குழந்தையை முன்னால் தள்ளிக் காட்டு காட்டு என்றேன். அம்மாவின் கைகளில் ஒரு கட்டையைக் கொடுத்து நீங்களே வைத்துப் பாருங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் மட்டும் பெரியவளை இங்கேயே நிறுத்தியிருப்பார்களா என்றும் தெரியவில்லை.

பெரியவளை மலைக்கே கூட்டி வந்துவிடலாம் என்று அம்மா நினைத்தாள். மகள்தான் வர மாட்டேன் என்றுவிட்டாள். அங்கே சிநேகிதிகள் இருக்கிறார்கள், இங்கே வந்தால் ஃபெயிலாகி வந்துவிட்டாள் என்பார்கள் என்றாளாம். அதுவும் நியாயம்தான். லீவு முடிந்ததும் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

இப்போது பெற்றோரை வரச் சொல்லும் நாளில் நான் யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. பாயை விரித்துக் கட்டைகளைக் கொட்டிவிடுகிறேன். சில பேர் கூச்சப்பட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். பல பேர் உட்காருவார்கள். அந்த அம்மா வந்தால் மற்றவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பாள்.

பெரியவள் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள். படம் நன்றாக வரைகிறாளாம், தமிழில் எப்போதும் முதல் மார்க்காம். போன மாதம் அம்மாவைப் பார்த்தபோது விசாரித்தேன்.

"நல்லாத்தான் படிக்கிறா டீச்சர். கணக்கு மட்டும் அவளுக்கு வராதாம். பொறந்ததுல இருந்தே வராதுன்றா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.