கீரைக்கு இருநூறு அடி

2001 நவம்பர் 22, வியாழக்கிழமை, காலை பதினொன்றே கால் மணி. விடாத தூறல். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த மருத்துவர், என் மனைவியின் ரத்தச் சோதனை முடிவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கொழுப்பு ஏறியிருக்கிறது, எடையும் அதிகம் என்றார். மூன்று மாதம் எண்ணெயைக் குறைத்துப் பார்க்கலாம், வேளைக்கு ஒரு சின்ன ஸ்பூன் போதும். இறங்காவிட்டால் ஆயுள் முழுக்க மாத்திரைதான்.

மாத்திரை என்றால் அவளுக்கு நடுக்கம். அவளுடைய அக்கா கடைசி ஒன்பது வருடமும் மாத்திரை டப்பாவும் கையுமாகவே இருந்து போய்ச் சேர்ந்தவர். ஒரே குடையில் வீடு திரும்பினோம். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பத்தாறு வருடத்தில் அவள் வாய் ஓய்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சோதனை முடிவைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று மாலை தட்டில் விழுந்த பீன்ஸ் பொரியல் பளபளவென்று மின்னியது. எண்ணெய் எவ்வளவு என்று கேட்டேன்.

"எண்ணெயே ஊத்தலிங்க."

"அப்ப இது இன்னா மின்னுது?"

"அது தாளிச்சது. தாளிக்கிறத போய் யாராவது எண்ணெய்ல சேர்ப்பாங்களா?"

எங்கள் பக்கத்துக் கணக்கே அப்படித்தான். வடையும் அப்பளமும்தான் எண்ணெய்ப் பண்டம். தாளிப்பு வெறும் வாசனை. மறுநாள் தாளிக்கும் கரண்டியில் அவள் ஊற்றுகிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றி ஸ்பூனால் அளந்தேன். நாலு ஸ்பூன். குழம்பு, ரசம், பொரியல் என்று வேளைக்குப் பன்னிரண்டு. இனி நானே சமைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதுவரை வெந்நீர்கூட வைத்ததில்லை.

அவள் முன்னறையில் பட்டுத் தறியில் உட்கார்ந்து நெய்தபடியே வழி சொல்வாள். எத்தனை நிமிடம் என்று கேட்டால் தெரியாது. உலையை ஏற்றிவிட்டுத் தறியில் உட்கார்ந்தே பழகியவள், சமையலையும் தறிப்பலகை அடிக்கும் சத்தத்தில்தான் அளந்திருக்கிறாள். அரைக்கீரைக்கு மூடாமல் இருநூறு அடி. இட்லிப் பானையில் ஆவியில் வைத்த சௌசௌவுக்கு முந்நூறு. எனக்கு அது நிமிடத்தைவிட வசதியாக இருந்தது. நின்ற இடத்திலிருந்தே எண்ணலாம்.

வெறும் வாணலியிலும் கடுகு வெடிக்கும் என்பது அறுபத்திரண்டாவது வயதில் தெரிந்தது. தோசைக்கல்லுக்குப் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால் போதும். ஒரு ஸ்பூனில் ஆறு தோசை வரும். மோரில் வெண்ணெய் முழுக்க எடுத்துவிட்டால் மோர்க்குழம்புக்குக் குறைவில்லை. எல்லாவற்றையும் அவள் முகம் சுளித்துத்தான் சாப்பிட்டாள். சமையலுக்கு வழி சொல்வதோடு சரி, அவளுடைய பழைய பேச்சு மட்டும் இன்னும் திரும்பவில்லை.

மூன்றாவது வாரம் கீரை அடுப்பில் இருந்தது. நூற்று நாற்பத்து மூன்றாவது அடியோடு சத்தம் நின்றது. நான் கரண்டியைப் பிடித்தபடி நூற்று நாற்பத்து நான்குக்குக் காத்திருந்தேன். முன்னறையில் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் நாலைந்து இழை அறுந்து அவள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஜலதோஷத்தில் எனக்கு வாசனை தெரியவில்லை. புகையைப் பார்த்து அடுப்பை அணைப்பதற்குள் அவளே எழுந்து வந்துவிட்டாள். கீரை பாத்திரத்தின் அடியில் கரியாக ஒட்டியிருந்தது.

"கீர கருகிப்போச்சே, இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"

"எண்ணிகினு இருந்தேன்."

"தறி நின்னா அடுப்பும் நின்னுடுமா வாத்தியாரே?"

சொல்லிவிட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். அன்று இருவரும் மோர்ச் சோறும் சுட்ட கத்தரிக்காயும் சாப்பிட்டோம். அக்கம்பக்கத்தில் யார் யாரிடம் இதைச் சொல்லப்போகிறாள் என்று அவள் விடாமல் பேசிக்கொண்டே இருந்தாள். எனக்கு இரண்டு கவளம் அதிகமாக இறங்கியது.

பிப்ரவரி கடைசியில் மறுபடி சோதித்தார்கள். கொழுப்பு இறங்கியிருந்தது, எடையில் ஐந்தரைக் கிலோ குறைந்திருந்தது. மாத்திரை வேண்டாம், இதையே தொடருங்கள் என்றார் மருத்துவர். வீடு வரும் வரை என் ரசத்தை வைதுகொண்டே வந்தாள். வழியில் தையற்கடையில் நின்று, தொளதொளத்துப்போன தன் ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்க என்ன ஆகும் என்று கேட்டாள்.

சோதனைச் செலவை எண்ணெயில் மிச்சமானதே சரிக்கட்டிவிட்டது. கருகியதற்குப் பதில் வாங்கிய பாத்திரம் நூற்றுப் பத்து. ரவிக்கை ஆறு, ஒன்றுக்குப் பத்து வீதம் அறுபது. ஆக மொத்தம் எனக்கு ஆன செலவு நூற்று எழுபது ரூபாய்.